நிலா மண்ணுக்கு ஓர் எடைச் சீட்டு

"பூமி பருவு பெருகுதுந்தா அன்னா?" நகரிப் பக்கத்து கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றிவந்த டிப்பர் டிரைவர் கேட்டார். பூமியின் எடை கூடிவிடுமா என்கிறார். எடைச் சீட்டு அச்சாகி வரும் இடைவெளியில் கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சந்திரயான்-4 நிலாவிலிருந்து மண் அள்ளிவரப் போகிறதாம். அள்ள அள்ள நிலா இளைக்குமாம், பூமி கனக்குமாம், இரண்டுக்கும் நடுவே உள்ள இழுப்பு கெட்டுப்போய்க் கடல் ஊருக்குள் புகுந்துவிடுமாம். பயமுறுத்தும் மேளத்தோடு ஒருவர் அந்தக் காணொளியில் பேசிக்கொண்டிருந்தார்.

கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. நிறை உள்ள எதுவும் நிறை உள்ள இன்னொன்றை இழுக்கும் என்று நியூட்டன் 1687-இல் அச்சிட்டே சொல்லிவிட்டார். நிறை இடம் மாறினால் இழுப்பும் மாறத்தான் வேண்டும். டிரைவர் கேட்டதில் தப்பில்லை. காணொளிக்காரர்தான் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் போனார். எத்தனை கிலோ? எத்தனை டன்? அதைச் சொல்லாத பேச்சை என் தொழிலில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

என் தொழில் எடை மேடை. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, அப்பா வைத்த மேடையிலேயே உட்கார்ந்தவன் நான். சென்னை - திருப்பதி சாலையில் திருத்தணியைத் தாண்டினால் பொன்பாடி சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் ஆந்திரா. ஜல்லி, எம்-சாண்ட், சக்கைக் கல், கரும்பு, நெல் என்று இரண்டு பக்கத்துச் சரக்கும் என் மேடையில் ஏறி இறங்குகிறது. மேடையின் கொள்ளளவு 60 டன். மீச்சிற்றளவு 10 கிலோ. அதாவது பத்து கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தை அது கண்டுகொள்ளாது. க்ளீனர் பையன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தால் காட்டும். அவன் குடித்த டீயைக் காட்டாது. ஆண்டுதோறும் முத்திரை போட வரும் அதிகாரி முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஒரு கருவியால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று தெரிந்துகொண்டுதான் அது சொல்வதை நம்ப வேண்டும்.

அந்தப் பழக்கத்தில் நிலாவுக்கும் ஒரு வரவு செலவு போட்டுப் பார்த்தேன்.

நிலாவிலிருந்து பூமிக்கு வந்தது முதலில். 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்களில் அமெரிக்கர்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. சோவியத் நாட்டின் ஆளில்லா லூனா கலங்கள் மூன்று பயணத்தில் கொண்டுவந்தது முந்நூற்றுச் சொச்சம் கிராம். சீனாவின் சாங்'அ-5 2020 டிசம்பரில் 1,731 கிராம் கொண்டுவந்தது. சாங்'அ-6 2024 ஜூனில் நிலாவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினால் 386 கிலோ. ஒரு குட்டியானை வண்டிக்குப் பாதி லோடு.

இனி பூமியிலிருந்து நிலாவுக்குப் போனது. இறங்கிய கலங்கள், மோதி நொறுங்கிய கலங்கள், விட்டுவந்த வண்டிகள், கருவிகள் எல்லாம் சேர்த்து சுமார் 190 டன் அங்கே கிடப்பதாக மதிப்பிடுகிறார்கள். அப்பல்லோ 13 முதல் 17 வரை ஐந்து பயணங்களில், வேலை முடிந்த ராக்கெட் அடுக்குகளை வேண்டுமென்றே நிலாவில் மோதவிட்டார்கள். ஒவ்வொன்றும் 14 டன் அளவு. மோதினால் நிலா எப்படி அதிர்கிறது என்று அங்கே வைத்திருந்த நில அதிர்வுமானிகளில் பார்த்தார்கள்.

ஆகக் கூட்டிக் கழித்தால், இதுவரை மனிதன் செய்த வேலையால் நிலாவின் எடை கூடித்தான் இருக்கிறது. ஆறேழு டிப்பர் லோடு அங்கே கொட்டிவிட்டு, அரைக் குட்டியானை லோடு எடுத்து வந்திருக்கிறோம். காணொளிக்காரர் திசையையே மாற்றிச் சொல்லிவிட்டார்.

இதில் இந்தியாவின் பங்கு கொஞ்சம்தான், ஆனால் நம் ஆட்களின் பெயர் நிறைய வரும். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 நவம்பர் 14 அன்று சுமார் 35 கிலோ எடையுள்ள மோதுகலத்தை நிலாவில் போட்டது. நாலு பக்கமும் மூவர்ணக் கொடி தீட்டிய பெட்டி அது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் இறங்கும்போது மோதி உடைந்தது. கிளம்பும்போது அதன் எடை 1,471 கிலோ. சிதறிய துண்டுகளை நாசா படங்களில் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னையிலிருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு விழுப்புரம் வீரமுத்துவேல் வழிநடத்திய சந்திரயான்-3 தென்துருவத்தை ஒட்டி மெத்தென்று இறங்கியது. அந்த லேண்டரும் அதற்குள் இருந்த 26 கிலோ ரோவரும் சேர்ந்து கிளம்பும்போது 1,752 கிலோ. மூன்றையும் கூட்டினால் மூன்றேகால் டன். இறங்குமுன் எரிபொருளில் பெரும்பகுதி எரிந்துவிட்டதால் தரையில் கிடப்பது அதைவிடக் குறைவு. என் மேடையில் காலி டிராக்டர் ஒன்று ஏறியது போலத்தான் காட்டும்.

இந்தக் கணக்கில் சேராத இன்னொரு "நிலா மண்"ணும் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர்கள். அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலாவின் மேட்டு நிலத்தில் உள்ள பாறைக்கு வேதியமைப்பில் நெருங்கியது. சந்திரயான்-2 லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க நிலா மண் வேண்டும். அமெரிக்காவிலிருந்து செயற்கை நிலா மண் வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் இந்தப் பாறையை வெட்டி, நொறுக்கி, நிலா மண்ணின் பருமனுக்கு அரைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் கைகொடுத்தார்கள். ஏறத்தாழ 50 டன் போனது. உலகத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து நிலாவிலிருந்து கொண்டுவந்தது 386 கிலோ, நாமக்கல்லிலிருந்து மட்டும் "நிலா மண்" போனது 50 டன். கொங்கு நாட்டு லாரிக்காரர்கள் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

சரி, நிலாவின் மொத்த எடை எவ்வளவு? 735 எழுதி அதன் பின்னால் 17 சுழியம் போட்டால் வருவது, டன் கணக்கில். பூமி அதைப் போல 81 மடங்கு. இதைப் படித்து எண்ணின் பெருமையில் மயங்க வேண்டாம். ஒரு கணக்கு போடுவோம். நிலாவில் பெரிய குவாரி ஒன்று திறந்து, தினம் ஒரு லட்சம் டன் பூமிக்கு அனுப்புகிறோம் என்று வையுங்கள். நாளுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட டிப்பர்கள், ஞாயிறு கிடையாது, ஆடிக் கிருத்திகைக்கும் லீவு கிடையாது. நிலாவின் நூற்றில் ஒரு பங்கு குறைய இரண்டாயிரம் கோடி ஆண்டு ஆகும். இந்தப் பிரபஞ்சத்துக்கே வயது 1,380 கோடி ஆண்டுதான். சந்திரயான்-4 கொண்டுவர நினைப்பது சுமார் 3 கிலோ.

விடாமல் டிரைவர் கேட்டார். "ஒரு பேச்சுக்கு அந்த நூத்துல ஒரு பங்கு வந்துருச்சுன்னு வைங்களேன் அண்ணா, அப்ப?" தமிழிலேயே கேட்டார். இந்த எல்லையில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் ஏறி இறங்கும்.

அப்போது என்ன ஆகும்? பூமியை 81 என்றும் நிலாவை 1 என்றும் வைத்துக்கொள்வோம். இழுப்பு இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது. 81 பெருக்கல் 1, 81. நூற்றில் ஒரு பங்கு இடம் மாறினால் 81.01 பெருக்கல் 0.99, அதாவது 80.2. தூரம் அப்படியே இருந்தால் இழுப்பு நூற்றுக்கு ஒன்று குறையும். ஆனால் நிலா பூமியைச் சுற்றிவர எடுக்கும் காலம் பெருக்கலைப் பொறுத்தது இல்லை, கூட்டலைப் பொறுத்தது. 81-உம் 1-உம் 82. 81.01-உம் 0.99-உம் அதே 82. மண் இரண்டுக்குள்ளேயே கைமாறும்வரை, அமாவாசையும் பௌர்ணமியும் பஞ்சாங்கத்தில் போட்டபடி வரும். கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் தேதி மாற்ற வேண்டியதில்லை.

கடல் ஓதத்தை எடுத்துக்கொண்டால், அது நிலாவின் நிறைக்கு ஏற்றபடி கூடும், குறையும். நிலா இளைத்தால் ஓதமும் இளைக்கும். சென்னைத் துறைமுகத்தில் பௌர்ணமி நாளில் தண்ணீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர் அளவு. அதில் சூரியனுக்கும் பங்கு உண்டு. நிலாவில் நூற்றில் ஒரு பங்கு போனால் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாது. கடல் ஊருக்குள் வருவது எங்கே, ஒரு விரல்கூட நகராமல் கரையிலேயே தயங்குவது எங்கே?

எடையைவிடப் பெரிய விவகாரம் எறியும் வேகம். நிலாவின் பிடியிலிருந்து ஒரு கல் விடுபட நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் வேண்டும். எறிகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நிலாவுக்கும் ஓர் உதை விழும். நூற்றில் ஒரு பங்கையும் ஒரே திசையில் எறிந்தால் அந்த உதையால் நிலாவின் பாதை நிச்சயம் கொஞ்சம் மாறும். மூன்று கிலோவுக்கு விழும் உதையை அளக்கும் கருவி உலகில் கிடையாது.

இன்னும் ஒன்று. அந்த நூற்றில் ஒரு பங்கைப் பூமியெங்கும் சமமாகப் பரப்பினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மூடும். திருத்தணி மலையின் 365 படியும், மேலே சுப்பிரமணிய சுவாமி கோபுரமும், கீழே என் எடை மேடையும் அதற்கு அடியில் போய்விடும். அப்படி மூடிய பிறகும் 30 டன் லாரி ஒன்றின் எடை நான்கு கிலோவுக்கு மேல் மாறாது. என் மேடை அதைக் காட்டவே காட்டாது.

இவ்வளவு சொன்ன பிறகு, பூமியும் நிலாவும் எடை மாறாமல் அப்படியே இருக்கின்றன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இயற்கையே ஓயாமல் சரக்கு ஏற்றி இறக்குகிறது. வானத்திலிருந்து ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் தூசு பூமியில் விழுகிறது. காற்று மண்டலத்தின் உச்சியிலிருந்து நொடிக்கு மூன்று கிலோ அளவு ஹைட்ரஜன் தப்பி ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் பூமி ஆண்டுதோறும் மெல்ல இளைத்துத்தான் வருகிறது. நிலாக் கற்கள்கூட ராக்கெட் இல்லாமலே வந்திருக்கின்றன. நிலாவில் பெரிய விண்கல் மோதும்போது தெறித்த துண்டுகள் அவை. அப்படி ஒன்றை 1982-இல் அண்டார்க்டிக் பனியில் முதலில் அடையாளம் கண்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

நிலா நம்மைவிட்டு விலகிப் போவதும் உண்மை. ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். அப்பல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் படவிட்டு, திரும்பி வருவதை வைத்து அளக்கிறார்கள். சந்திரயான்-3 லேண்டரிலும் அப்படி ஒரு சிறு கண்ணாடித் தொகுப்பு இருக்கிறது. 2023 டிசம்பரில் நாசாவின் சுற்றுகலம் அதன்மீது லேசர் அடித்து எதிரொளியை வாங்கிவிட்டது. இந்த விலகலுக்கு மண் அள்ளியது காரணம் இல்லை. கடல் ஓதம்தான் காரணம். பூமி வேகமாகச் சுழல்வதால் ஓத நீரின் மேடு நிலாவுக்குச் சற்று முன்னால் போய் நிற்கிறது, அந்த மேடு நிலாவை முன்னோக்கி இழுக்கிறது, நிலா தள்ளிப் போகிறது. அந்தச் செலவுக்குப் பூமி தன் சுழற்சியைக் கொடுக்கிறது. நாளின் நீளம் நூற்றாண்டுக்கு இரண்டு மில்லி நொடி அளவு கூடுகிறது.

ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. ஈர்ப்பு முடுக்கம் திருத்தணியில் 9.783 மீ/வி². பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் 9.819. இங்கே 30 டன் காட்டும் லாரியை, என் மேடையில் எடையை உணரும் இதே லோடு செல்லை மறுபடி சரிசெய்யாமல் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் சுமார் 110 கிலோ கூடுதலாகக் காட்டும். அதனால்தான் கருவியை வைக்கும் இடத்திலேயே சரிபார்த்து முத்திரை போடச் சொல்கிறது சட்டம். மலை ஏறினாலும் குறையும். எழுபது கிலோ ஆள் நூறு மீட்டர் உயரம் ஏறினால் ஒன்றிரண்டு கிராம் குறைவார். படியேறும்போது வியர்வையில் போவது அதைவிட அதிகம்.

இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு மிகவும் குறைந்த பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே கடல் மட்டம் இருக்க வேண்டிய சராசரியைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தச் சரிவில்தான் தண்ணீர் சமமாக நிற்கிறது. டச்சு விஞ்ஞானி வெனிங் மைனஸ் 1948-இல் அதைக் கண்டார். ஏன் என்ற கேள்விக்கு 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் ஒரு விடை தந்தார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்த ஒரு பழங்கடலின் தரை ஆழத்துக்குள் மூழ்கியதும், அதனால் கீழிருந்து சூடான, லேசான பாறைக் குழம்பு மேலெழுந்ததும் சேர்ந்து செய்த வேலை என்கிறார்கள். கன்னியாகுமரிக்குக் கீழே இப்படி ஒரு விசித்திரம் இருப்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு யாரும் மேளம் போட்டுக் காணொளி செய்வதில்லை.

காணொளிக்காரரிடம் நான் உண்மையில் சண்டை போட விரும்பும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஈர்ப்பு நிஜமாகவே காட்டிக்கொடுத்த ஒரு தண்ணீர்க் கணக்கு இந்தியாவில் இருக்கிறது.

2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 'கிரேஸ்' என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றின் பின் ஒன்றாக 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நிறை அதிகமான இடம் வந்தால் முன்னால் போகும் செயற்கைக்கோள் முதலில் இழுபடும், இடைவெளி துளி கூடும். பின்னால் வருவதும் அதே இடத்துக்கு வந்ததும் இடைவெளி குறையும். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய அந்த மாற்றத்தை அளந்து, பூமியில் எந்த இடத்தில் நிறை கூடியது, எங்கே குறைந்தது என்று மாதம்தோறும் வரைபடம் போட்டார்கள். எனக்குத் தெரிந்து மனிதன் கட்டிய மிகப் பெரிய எடை மேடை அதுதான்.

அது இந்தியாவின் மீது பறந்தபோது பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் இழுப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவதைக் காட்டியது. மழை வழக்கம்போலப் பெய்திருந்தது. ரோடெல், வெலிகோன்யா, ஃபாமிலியெட்டி ஆகிய மூவரும் 2009-இல் 'நேச்சர்' இதழில் கணக்கை வெளியிட்டார்கள். 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை அந்த மாநிலங்களின் நிலத்தடியிலிருந்து போன தண்ணீர் 109 கன கிலோமீட்டர். என் தொழில் பாஷையில் சொன்னால் 10,900 கோடி டன். முப்பது டன் டிப்பரில் 363 கோடி லோடு. எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல், எந்தச் சீட்டும் போடாமல், மோட்டார் பம்பு வழியாகப் போன லோடு.

இவ்வளவு போயும் அந்த ஊர்களில் ஈர்ப்பு எவ்வளவு குறைந்தது? முப்பது டன் லாரியின் எடையில் அரை கிராம்கூட இல்லை. ஈர்ப்புக்கு ஒரு கேடும் வரவில்லை. கேடு வந்தது கிணற்றுக்கு. ஈர்ப்பு சாட்சியாக வந்து நின்றது, அவ்வளவுதான். மனிதர்கள் மண்ணையும் தண்ணீரையும் இடம் மாற்றினால் ஈர்ப்பு விசை கெட்டுவிடுமோ என்று பயப்படுவது, திருட்டு நடந்த வீட்டில் சாட்சிக்கு உடம்புக்கு என்ன என்று மட்டும் விசாரித்துவிட்டு வருவது போலத்தான்.

2023-இல் வந்த இன்னோர் ஆய்வு, 1993 முதல் 2010 வரை உலகம் முழுக்க நிலத்தடியிலிருந்து உறிஞ்சிக் கடலில் சேர்த்த 2.15 லட்சம் கோடி டன் தண்ணீரால் பூமி சுழலும் துருவம் சுமார் 80 சென்டிமீட்டர் நகர்ந்தது என்று கணக்கிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியை எழுப்பிய நிலநடுக்கம் பெரும் பாறைத் தட்டுகளையே நகர்த்தியது. அதனால் நாளின் நீளம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவாகத்தான் சுருங்கியது என்பது நாசாவின் மதிப்பீடு. நாகப்பட்டினத்தில் யாரும் நாள் சுருங்கியதற்காக அழவில்லை.

கடல் ஊருக்குள் புகும் என்றார் அல்லவா காணொளியில்? எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் அது ஏற்கனவே புகுந்துவிட்டது. மீஞ்சூர் பக்கம் போய்க் கேளுங்கள். ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நடுவே உள்ள மணற்பாங்கான நிலத்தில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் அமைத்துச் சென்னைக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் தண்ணீர் இறைத்தார்கள். விவசாயிகளும் இறைத்தார்கள். நல்ல தண்ணீரின் பாரம் குறைந்த இடத்தில் கடல் நீர் அடியில் நுழைந்தது. 1960-களின் கடைசியில் கரையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்பு, பிறகு பத்து கிலோமீட்டரைத் தாண்டியது. இதற்கு நிலா இளைக்கத் தேவைப்படவில்லை.

திருத்தணி ஊரே ஒருமுறை இடம் மாறியிருக்கிறது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. வட்டத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் மாநிலம் மாறியும் ஒரு கிராம் மண் நகரவில்லை. இப்போது எல்லைக்கோடு அப்படியே இருக்கிறது, இருபுறத்துக் கல்லும் மண்ணும் சென்னைக்குக் குடிபோகின்றன. அவற்றை எடை போட்டுச் சீட்டு கொடுத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. குவாரியே கூடாது என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். சென்னையில் வீடு கட்டுகிறவருக்கு ஜல்லி வேண்டும். எவ்வளவு போனது என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

சந்திரயான்-4-ஐப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ஒதுக்கிய தொகை 2,104 கோடி ரூபாய். மூன்று கிலோவுக்கு வகுத்தால் கிலோ 700 கோடி. எடைக்கு விற்கும் சரக்காகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அப்பல்லோ கற்களை வைத்துத்தான் நிலாவின் வயதைக் கணித்தார்கள், பூமியோடு அதற்கு உள்ள உறவை ஆராய்ந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தக் கற்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தென்துருவத்து மண்ணை நம் பிள்ளைகள் நம் ஆய்வகத்தில் வைத்துப் பார்க்கட்டும். கொடுக்கலாம் அந்தக் காசை. நிலாவைப் பற்றிக் கவலைப்பட்டே தீர வேண்டும் என்றால் அங்கே தோண்டுகிறவருக்கு என்ன உரிமை என்று கேளுங்கள். விண்வெளியில் எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது 1967 ஒப்பந்தம். எடுக்கும் கனிமம் மட்டும் எடுத்தவருக்கு என்ற போக்கில் போகிறது ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை. அதில் 2023 ஜூனில் இந்தியாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் பேச வேண்டிய விஷயம் அது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. மேல்நிலை வகுப்பில் ஈர்ப்புப் பாடம் நடத்தும்போது, சூத்திரத்தை எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள். அந்த டிரைவரின் கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுத்து விடையைக் கிலோவில் கேளுங்கள். ஒரு பீரியட் போதும். விடை கண்டுபிடித்த பிள்ளை அப்படிப்பட்ட காணொளியை அடுத்தவருக்கு அனுப்பாது.

மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இது. மார்ச் 22 உலக நீர் நாளன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. அன்று அந்த ஊராட்சி எல்லையிலிருந்து ஓராண்டில் எத்தனை டன் கல்லும் மண்ணும் போனது, ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் போன மார்ச்சில் எத்தனை அடியில் இருந்தது, இந்த மார்ச்சில் எத்தனை அடியில் இருக்கிறது என்ற மூன்று எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் எடைச் சீட்டு இருக்கிறது. கூட்டிச் சொல்ல ஒரு ஆள் போதும்.